அக்டோபர் பதினேழு காலியாக இருக்கிறது

மாகாண விளையாட்டு நினைவு வாரியத்துக்கு நெமேசியோ லுமாகுய் பன்னிரண்டாவது முறையாகப் போனது ஒரு வளையம் கேட்டுத்தான். கூடைப்பந்து வளையம். புதிதாகக்கூட இருக்க வேண்டாம், வட்டமாக இருந்தால் போதும் என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தார்.

சான் தெலெஸ்போரோ ஊரில் ஆற்றுக்குக் கீழ்ப்புறம் உபோஸ், மேல்புறம் இலாயா. உபோஸில் நெமேசியோவுக்கு, ஊர் வழக்கில் மேசியோவுக்கு, பஞ்சர் கடை. கடைக்கு எதிரே சிமெண்டு போட்ட ஆடுகளம். காலையில் அதில் நெல் காயும், மாலையில் ஆட்டம் நடக்கும். ஒரு பக்கத்து வளையம் நன்றாகத்தான் இருந்தது. எதிர்ப்பக்கத்து வளையத்தை மேசியோவே ஏழு முறை பற்றவைத்துவிட்டார். எட்டாவது முறை பற்றவைக்க அதில் இரும்பு மிச்சமில்லை. ஒற்றைப் போல்ட்டில் தலைகுப்புறத் தொங்கிக்கொண்டிருந்தது.

சும்மா ஆடுவதற்கு அது போதும். ஆனால் இருபதாம் தேதி திருவிழாப் பந்தயம் தொடங்குகிறது. மாகாண முத்திரை குத்திய வளையம் இரண்டும் இருந்தால்தான் அந்த ஆடுகளத்தில் பந்தயம் நடத்தலாம். இல்லாவிட்டால் ஆட்டம் முழுக்க இலாயாவுக்குப் போய்விடும். போன வருடமும் அப்படித்தான் போனது. இலாயாக்காரர்கள் நாற்காலி கொடுத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், கேட்காமலேயே அனுதாபமும் கொடுத்தார்கள். நாற்காலியையும் தண்ணீரையும் உபோஸ்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

வளையம் கேட்க வேறு இடம் கிடையாது. முன்பு மாகாணத்தில் விளையாட்டுத் துறை என்று ஒன்று இருந்தது. விளையாட்டு நடந்தால் தோல்வி, அடிதடி, சுளுக்கு என்று தொல்லைகள் வருகின்றன, நடந்து முடிந்த விளையாட்டில் இவை எதுவுமே இல்லை என்று கண்டுபிடித்து, துறையைக் கலைத்து நினைவு வாரியம் அமைத்தார்கள். நாற்பத்து மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மாகாண விளையாட்டு வரலாற்றில் இதே நாளில் நடந்த மறக்க முடியாத சம்பவம் ஒன்றைத் தினமும் காலையில் வாசல் பலகையில் எழுதி வைப்பதுதான் அவர்கள் அத்தனை பேரின் வேலையும்.

அன்று பலகையில் இப்படி இருந்தது: 'அக்டோபர் 2. இதே நாளில் மாகாண நீச்சல் குளம் திறந்துவைக்கப்பட்டது. தண்ணீர் விடப்பட்டதற்கு அக்டோபர் 9 பார்க்க.' மேசியோ பன்னிரண்டு முறை வந்ததில் இன்னும் பல வரலாறுகளைப் படித்திருந்தார். ஜூன் 21இல் கைப்பந்துப் போட்டி மழையால் தள்ளிவைக்கப்பட்டது. ஜூன் 22இல் அதே போட்டி அதே மழையால் மறுபடி தள்ளிவைக்கப்பட்டது. ஜூன் மாதம் முழுக்க வாரியத்துக்குக் கவலையே இல்லை.

மூன்றாம் ஜன்னலில் இருந்த அம்மாள் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்து, வழக்கம்போல 'மனோங்', அதாவது அண்ணே, என்று மரியாதையாகக் கூப்பிட்டுத் திருப்பித் தந்தார்.

"மனோங், எத்தனை தடவை சொல்றது? வளையம் வருங்காலம். நாங்க கடந்த காலம்."

"முத்திரை நீங்கதானே குத்துறீங்க?"

"கடந்த கால வளையத்துக்குக் குத்துவோம்."

"இதுவும் பழைய வளையத்துக்குப் பதிலாத்தாம்மா கேக்குறேன்."

அம்மாள் யோசித்தார். யோசிப்பதற்கென்று ஒரு படிவம் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தார். அதில் பதினோராவது கேள்வி, 'இப்பொருள் கடைசியாக மறக்க முடியாதபடி பயன்பட்ட நாள்.' மேசியோ பேனாவைக் கடித்தார். மறக்க முடியாத நாள் என்று அவர் வாழ்க்கையில் ஒன்றுதான் உண்டு. மறக்க வேண்டும் என்று அவர் இருபத்து மூன்று வருடமாகப் பாடுபட்டும் ஊர் விட்டதில்லை. 'அக்டோபர் 17' என்று எழுதிக் கொடுத்தார்.

அம்மாள் தேதியைப் படித்தார். எழுந்து நின்றார். ஜன்னலைச் சாத்தினார். அடுத்த ஐந்து நிமிடத்தில் மேசியோவை இரண்டு பேர் மாடிக்கு அழைத்துப்போய், மெத்தை வைத்த நாற்காலியில் உட்காரவைத்து, சூடான பிபிங்கா அரிசிப் பணியாரமும் காப்பியும் முன்னால் வைத்தார்கள். பதினோரு முறை வந்தவருக்கு அந்தக் கட்டடத்தில் மாடி இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

எதிரே வாரியத் தலைவர் டாக்டர் ஹெர்மோஹெனஸ் வில்யாலூனா உட்கார்ந்திருந்தார். அவர் பின்னால் சுவர் முழுக்க முந்நூற்று அறுபத்தாறு கட்டம் போட்ட நாள்காட்டி. எல்லாக் கட்டத்திலும் பச்சைப் புள்ளி. ஒரே ஒரு கட்டம் வெள்ளையாக இருந்தது.

"பிப்ரவரி இருபத்தொன்பதைக்கூட நிரப்பிட்டோம்," என்றார் தலைவர். குரல் தழுதழுத்தது. "அக்டோபர் பதினேழு மட்டும் காலி. அன்னைக்கு இந்த மாகாணத்துல ஒருத்தரும் ஓடலை, குதிக்கலை, வழுக்கிக்கூட விழலை. அன்னைக்கு யார் பிறந்த நாள் தெரியுமா?"

மேசியோவுக்குத் தெரியவில்லை.

"ஆளுநரோட பிறந்த நாள்."

மேசியோ மரியாதைக்காகப் பிபிங்காவை மெல்வதை நிறுத்தினார்.

"சொல்லுங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

மேசியோ சொன்னார். அந்த வருடம் புயல் வருகிறது என்று திருவிழாவை ஒரு வாரம் முன்னதாகவே வைத்துவிட்டார்கள். புயல் வரவில்லை. பதினேழாம் தேதி சாயங்காலம் உபோஸுக்கும் இலாயாவுக்கும் இறுதி ஆட்டம். பரிசு ஒரு பன்றி. இலாயா எழுபத்திரண்டு, உபோஸ் எழுபத்தொன்று. மூன்று விநாடி மிச்சம். பந்து மேசியோவின் கையில். எதிரே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இலாயாவின் ரொகாசியானோ. மேசியோ எம்பிப் போட்டார். பந்து கையை விட்டுப் போய்விட்டது. போய்க்கொண்டிருக்கும்போது மாதா கோயிலில் மாலை மணி அடித்தது.

"ஆறு மணி. மூவேளை செபம்," என்றார் தலைவர்.

"ஆமா சார். மணி அடிச்சா என்ன செய்வோம்? எல்லாரும் அப்படியே நின்னு தலையைக் குனிஞ்சு கண்ணை மூடிட்டாங்க. ஆடுறவங்க, பாக்குறவங்க, வறுகடலை விக்கிறவங்க, நடுவர். செபம் முடிஞ்சு ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தா, பந்து வளையத்துக்குக் கீழ உருண்டுட்டு இருக்கு. உள்ள போய் விழுந்துச்சா, வெளிய விழுந்துச்சா, ஒருத்தருக்கும் தெரியாது."

"உங்களுக்கு?"

மேசியோ காப்பிக் கோப்பையைப் பார்த்தார். "உள்ள போச்சு சார். நான் பாத்தேன். நான் போட்ட பந்து சார், எப்படிக் கண்ணை மூடுறது?"

அதுதான் வினையாகிவிட்டது. உள்ளே போனதைப் பார்த்தேன் என்று அன்று அவர் சொன்னதுமே, அப்படியென்றால் செப நேரத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தாயா என்று இலாயாக்காரர்கள் கேட்டார்கள். செபம் சொல்லாதவன் சாட்சி செல்லாது என்றார்கள். மணி அடித்த பிறகுதான் பந்தையே எறிந்தான் என்று மறுநாள் சேர்த்துக்கொண்டார்கள். மேசியோவின் பெயர் ஆமென் மேசியோ ஆயிற்று. யாருக்கு என்று முடிவாகாததால் பன்றியைப் பங்குச் சாமியார் வளர்த்தார். அது ஒன்பது வருடம் வாழ்ந்து, கிழடாகி, இயற்கையாக இறந்தது. அந்த ஊர் வரலாற்றில் அப்படி இறந்த பன்றி அது ஒன்றுதான்.

டாக்டர் வில்யாலூனா எழுந்து வந்து மேசியோவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சார், அந்த வளையம்..."

"எல்லாம் நடக்கும்," என்றார் தலைவர். வெள்ளைக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் சரிபார்ப்புக் குழு உபோஸுக்கு வந்தது. தலைமை திருமதி கொன்சோர்சியா. ஆறு பேர், ஒரு அளவு நாடா, அவருக்குக் குடை பிடிக்க ஏழாவதாக ஒருவர். ஆற்றின் இரண்டு கரையிலிருந்தும் ஜனங்கள் ஆடுகளத்தில் கூடிவிட்டார்கள். காய்ந்துகொண்டிருந்த நெல்லை ஓரமாகத் தள்ளி வழி செய்தார்கள்.

"அன்னைக்கு ஆட்டம் பாக்க வந்தவங்க கை தூக்குங்க."

எல்லாரும் தூக்கினார்கள். அன்று பிறந்தேயிராதவர்களும் தூக்கினார்கள்.

"பந்து உள்ள போனதைப் பாத்தவங்க?"

கைகள் இறங்கின.

"உள்ள போகாததைப் பாத்தவங்க?"

ஒரு கையும் எழவில்லை.

"அப்ப என்னதான் பாத்தீங்க?"

கூட்டத்திலிருந்து ரொகாசியானோ முன்னால் வந்தார். அன்று மேசியோவை மறித்து நின்ற அதே ஆள். ஊரில் காசியாங் என்பார்கள். இப்போது தொப்பை வைத்து, பக்கப்பெட்டி மாட்டிய மோட்டார் சைக்கிளில் சவாரி ஓட்டுகிறார். மேசியோவின் மூத்த மகளுக்கு ஞானத்தந்தை. அதனால் இருவரும் ஒருவரையொருவர் 'கும்பாரே' என்று முறை சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அது வாரத்துக்கு மூன்று முறை காசியாங் பஞ்சர் கடையில் வந்து உட்கார்ந்து "ஆமென், கும்பாரே" என்று மேசியோவின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வதைத் தடுக்கவில்லை.

"மேடம், மணி அடிச்சா நாங்க கண்ணை மூடிக்குவோம்," என்றார் காசியாங். "நீங்க என்ன செய்வீங்களோ தெரியாது."

"நானும் மூடிக்குவேன்," என்றார் திருமதி கொன்சோர்சியா அவசரமாக. அதைக் குறிப்பில் ஏற்றச் சொன்னார். ஆறு பேரும் தாங்களும் மூடிக்கொள்வதாகத் தனித்தனியே ஏற்றிக்கொண்டார்கள்.

நடுவர் செராபியோவைப் பற்றிக் கேட்டார்கள். அவர் போன வருடம் காலமாகிவிட்டார். கடைசி நேரத்தில் கட்டிலைச் சுற்றி இரண்டு கரைக்காரர்களும் நின்று, இப்போதாவது சொல்லுங்கள், கூடை உண்டா இல்லையா என்று கேட்டார்கள். அவர் அப்போதும் கண்ணை மூடிக்கொண்டார்.

சாட்சி கிடைக்காததால் குழு பொருளை எடுத்துக்கொண்டது. ஏணி வைத்து, தொங்கிக்கொண்டிருந்த வளையத்தைக் கழற்றி, பட்டுத் துணியில் சுற்றி, ரசீது எழுதினார்கள். 'சான்று எண் 1. வளையம், ஒன்று. துரு, மேற்படி வளையத்தைச் சேர்ந்தது.'

"மேடம், நான் புது வளையம் கேட்டேன்," என்றார் மேசியோ. "நீங்க பழசையும் எடுத்துட்டுப் போறீங்க."

"பழசா? இதை அப்படிச் சொல்லாதீங்க மனோங். இது சாதாரணமா துருப்பிடிக்கலை. வரலாறு பிடிச்சிருக்கு."

"இதுக்குப் பதிலா?"

"வரலாற்றுக்குப் பதில் கிடையாது," என்றபடி அவர் குடைக்குள் போய்விட்டார்.

ஆடுகளத்தில் இப்போது ஒரு பக்கம் வெறும் பலகை. காசியாங் அதன் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"பரவால்ல, கும்பாரே. இனிமே நீ போட்டது உள்ள போச்சான்னு யாரும் கேக்க முடியாது."

மேசியோவுக்கு அழுகையே வந்துவிட்டது. கடைக்குள் போய், பஞ்சரே இல்லாத ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் மாகாணத் தலைநகரில் ஒத்திகைக்குக் கூப்பிட்டார்கள். பெரிய கோயிலுக்கு எதிரே இருக்கும் திடலில், ஆளுநரின் பிறந்த நாளன்று, அந்தக் கணத்தை அப்படியே நடித்துக் காட்ட வேண்டும். மேசியோ பந்து எறிவார், காசியாங் கையைத் தூக்கி மறிப்பார். அதற்காகவே புதிதாக ஒரு வளையம் செய்திருந்தார்கள். கனமான எஃகு. மாகாண முத்திரை நாலு இடத்தில் குத்தியிருந்தது. மேசியோ அதை விரலால் சுண்டிப் பார்த்தார். கோயில் மணி மாதிரி நின்று ஒலித்தது. அவ்வளவு நல்ல வளையத்தை அவர் வாழ்நாளில் தொட்டதில்லை.

அதை மாட்டியிருந்த உயரம்தான் வேடிக்கை. மேசியோவின் மார்பளவுக்கு இருந்தது.

"ஆளுநர் மாலை போடணும்ல," என்றார் தலைவர். "அவர் எட்டுற உயரம்தான் இந்த மாகாணத்துல சரியான உயரம்."

"போல்ட்டு ஆடுது சார். நட்டை இறுக்கலை."

"இறுக்கறதுக்கு ஸ்பேனர் வேணும். ஸ்பேனர் பொதுப்பணித் துறைகிட்ட இருக்கு. கேட்டு எழுதியிருக்கோம். அதுவரைக்கும் கையால முடுக்கினது போதும். நீங்க பந்தைப் போட்டுடாதீங்க."

"போடாம?"

தலைவர் ஒரு தாளை எடுத்தார். சிக்கல் என்னவென்றால், கூடை உண்டு என்று வாரியம் சொன்னால் இலாயா கோபித்துக்கொள்ளும். இலாயாவில் எண்ணூறு ஓட்டு. இல்லை என்றால் உபோஸ் கோபித்துக்கொள்ளும். அங்கே எண்ணூற்று நாலு. வாரியம் இரண்டு நாள் கூடிப் பேசி, நடுநிலையாக ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. தலைவர் அதைக் கண்ணாடி போட்டுப் படித்தார்.

"'பந்து எறியப்பட்டது. அது இன்னும் வந்து சேரவில்லை.'"

மேசியோ காசியாங்கைப் பார்த்தார். காசியாங் வானத்தைப் பார்த்தார்.

"சார், பந்து அன்னைக்கே கீழ விழுந்துடுச்சு. நான்தான் எடுத்தேன். இப்பவும் என் கடைல ஆணில தொங்குது."

"அது வேற பந்து."

"ஒரே பந்துதான் சார் இருந்துச்சு. ரெண்டாவது வாங்க வழியில்லை."

"அது பொருள், மேசியோ. நாங்க பேசறது நினைவு. பொருளுக்கு ஒரு முடிவு உண்டு. நினைவை முடிவில்லாம வச்சிருந்தாத்தான் வாரியத்துக்கு வேலை."

ஆக, ஒரு மூங்கிலிலிருந்து தூண்டில் நரம்பு கட்டி, பந்தை வளையத்துக்கு இரண்டு முழம் முன்னால் அந்தரத்தில் தொங்கவிட்டார்கள். மேசியோ எறிந்த பாவனையில் கையை நீட்டி நிற்க வேண்டும். காற்று அடித்தால் பந்து இலாயாவுக்குச் சாதகமாகவும் உபோஸுக்குச் சாதகமாகவும் மாறி மாறி ஆடியது. அது ஆடாமல் பிடிக்க ஒரு துணைத் தலைவரை நியமித்தார்கள்.

"விழா முடிஞ்சதும் இந்த வளையத்தை எங்க ஊருக்குக் குடுத்துடுங்க சார்," என்று மேசியோ கெஞ்சினார். "இருபதாம் தேதி பந்தயம். உங்க முத்திரை வேற இருக்கு."

"எப்படிக் குடுக்கறது? இப்ப இது வெறும் வளையம். பதினேழாம் தேதி ஆளுநர் மாலை போட்டதும் வரலாறு. கண்ணாடிப் பெட்டி தயாரா இருக்கு. பழசும் புதுசும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும்."

"மாலை போடறதுக்கு முன்னாடி?"

"முன்னாடி வளையம்தான். வளையத்துல எங்களுக்கு அக்கறை இல்லைன்னுதான் பன்னண்டு தடவை சொன்னோமே."

மேசியோ இந்தப் பதிலை மனதில் நன்றாகப் பதித்துக்கொண்டார்.

பதினேழாம் தேதி விழா மூன்று மணிக்கு. உண்மை மணியோடு மோதாமல் இருக்க, ஐந்து மணிக்கே ஒலிபெருக்கியில் பொய் மணி அடித்து நடிப்பை முடித்துவிடுவதாகத் திட்டம். ஆளுநர் நாலரைக்கு வந்தார். அவர் முகம் போட்ட சட்டையை ஆயிரம் பேர் போட்டிருந்ததால், நிஜ முகம் எது என்று மேடைக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு பேச்சுகள்.

திருமதி கொன்சோர்சியா, சரிபார்க்க முடியாத ஒன்றைச் சரிபார்த்த முதல் குழு தங்களுடையதே என்றார். டாக்டர் வில்யாலூனா, மாகாணத்தில் விளையாட்டு வீரர்களே இல்லாமல் போனாலும் விளையாட்டு வரலாறு தங்குதடையின்றி நடக்கும் என்று உறுதியளித்தார். பலத்த கைதட்டல். பிறகு ஆளுநர் எழுந்தார்.

"என் பிறந்த நாளில் இந்த மாகாணத்தில் எதுவுமே நடக்கவில்லை என்று கேள்விப்பட்டு நான் மிகவும் வருந்தினேன்," என்றார். "நான் எந்த விளையாட்டும் ஆடியதில்லை. ஆடுகிறவர்கள் ஜெயிக்கிறார்கள், அல்லது தோற்கிறார்கள். ஜெயித்தவனைத் தோற்றவனுக்குப் பிடிக்காது. நான் பரிசு மட்டும் வழங்குவேன். என்னை இரண்டு பேருக்கும் பிடிக்கும். இந்தப் பந்தைப் பாருங்கள். இருபத்து மூன்று வருடமாக அந்தரத்தில் நின்று யாருக்கும் மனவருத்தம் தராமல் இருக்கிறது. என் ஆட்சியும் அப்படித்தான்."

பேச்சுகள் நீண்டதால், ஐந்து மணிக்கு முடிய வேண்டிய நடிப்பு ஐந்தே முக்காலுக்குத்தான் தொடங்கியது. மேசியோ கையை நீட்டி நின்றார். காசியாங் தொப்பைக்கு மேல் இரண்டு கையையும் தூக்கி நின்றார். பந்து தொங்கியது. பின்னணியில் ஒருவர் இரண்டு பேரின் வாழ்க்கைக் குறிப்பையும் படித்தார். மேசியோவின் குறிப்பில் பஞ்சர் கடை 'காற்றுத் தொழில்' என்று வந்தது. கை மரத்துப்போயிற்று. ஆளுநர் மல்லிகை மாலையோடு வளையத்தின் எதிரே வந்தார். மாலையைத் தூக்கினார்.

எதிரே பெரிய கோயிலில் மணி அடித்தது. உண்மை மணி.

ஆளுநர் மாலையை நீட்டியபடியே நின்று தலையைக் குனிந்து கண்ணை மூடினார். தலைவர் மூடினார். காவலர்கள் மூடினார்கள். ஆயிரத்துச் சொச்சம் தலை ஒரே நேரத்தில் குனிந்தது. மூங்கிலைப் பிடித்திருந்த துணைத் தலைவரும் இரண்டு கையையும் கூப்பினார், பந்து தன் போக்கில் ஆடியது. கோயில் ஒலிபெருக்கியில் செபம் தொடங்கியது. ஊர் முழுக்க அப்படி ஒரு அமைதி.

மேசியோவின் கண் திறந்தே இருந்தது. எதிரே மூன்று எட்டு தூரத்தில் நாலு நட்டு. மாலை இன்னும் விழவில்லை. அது இன்னும் வெறும் வளையம்தான்.

'தாயே,' என்று மனதுக்குள் சொன்னார், 'மணிக்கு அப்புறம் எறிஞ்சேன்னு, செய்யாத தப்புக்கு இருபத்து மூணு வருஷம் பேர் கெட்டாச்சு. இன்னைக்குச் செய்யப் போறதுக்கு அதுவே தண்டனையா இருக்கட்டும்.'

முதல் 'அருள்நிறைந்த மரியே' முடிவதற்குள் பக்கத்தில் போய் இரண்டு நட்டைக் கழற்றிவிட்டார். பஞ்சர் கடை விரல். பொதுப்பணித் துறைக்கு மனதார நன்றி சொன்னார். இரண்டாவதில் மூன்றாம் நட்டு. நாலாவதில் கை வைக்கும்போது, யாரோ பார்ப்பதுபோல் இருந்தது. நிமிர்ந்தார்.

காசியாங் தலையைக் குனிந்துதான் நின்றிருந்தார். கை இரண்டும் இன்னும் மேலே தூக்கியிருந்தன. ஆனால் கண் மேசியோவையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு கத்தல் போதும். இலாயாவுக்கு அதைவிடப் பெரிய திருவிழா வேண்டியதில்லை. இந்தத் தடவை பழி பொய்யும் இல்லை.

காசியாங் கத்தவில்லை. உதட்டைக் குவித்து மேடைக்குப் பின்பக்கம் காட்டினார். அங்கே அவர் வண்டி நின்றது. பக்கப்பெட்டியின் திரை விலகியிருந்தது.

மூன்றாவது 'அருள்நிறைந்த மரியே' நடந்துகொண்டிருக்கும்போது மேசியோ வளையத்தை, மேடையில் கிடந்த திறப்புவிழாத் துணியில் சுற்றி, பதினோரு எட்டில் வண்டிக்குப் போய், வைத்துவிட்டுத் திரும்பி, பழையபடி கையை நீட்டி நின்றுவிட்டார். "ஆமென்" என்றது கூட்டம். அவரும் சொன்னார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு பக்தியாக அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

ஆளுநர் கண்ணைத் திறந்தார். எதிரே பலகை. பலகையில் நாலு போல்ட்டு.

"வளையம் எங்க?" என்றார் மெதுவாக.

டாக்டர் வில்யாலூனா பார்த்தார். வியர்வை பொங்கியது. ஆனால் அனுபவசாலி.

"நினைவுல இருக்கு, சார்."

ஆளுநர் ஒரு கணம் யோசித்தார். பிறகு நிகழ்ச்சி நிரலில் இருந்தபடி மாலையை நாலு போல்ட்டிலும் மாட்டினார். கைதட்டினார்கள். புகைப்படம் எடுத்தார்கள். யாருக்கும் மனவருத்தம் இல்லை.

மறுநாள் விசாரணை தொடங்கியது. நாற்பத்து மூன்று ஊழியர்களும் பதினைந்து நாள் வேலை பார்த்து ஆயிரத்து நூற்று நாற்பது வாக்குமூலம் வாங்கினார்கள். ஆயிரத்து நூற்று நாற்பதும் ஒரே வாசகம்: 'அந்நேரம் நான் கண்ணை மூடிச் செபித்துக்கொண்டிருந்தேன்.' மேசியோவுடையதும் அதில் ஒன்று. அதைக் கையெழுத்துப் போடும்போது திருமதி கொன்சோர்சியா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"மனோங், உங்க மேல எனக்குச் சந்தேகம் இருக்கு."

"நான் எடுத்ததைப் பாத்தீங்களா மேடம்?"

"நான் எப்படிப் பாக்க..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அத்துடன் கோப்பு மூடப்பட்டது. அடுத்த வருடத்துக்கான வாசகமும் அன்றே தயாராகிவிட்டது: 'அக்டோபர் 17. இதே நாளில் ஒரு பந்து வந்து சேரவில்லை. ஒரு வளையம் போய்ச் சேர்ந்தது.'

அதற்குள் இருபதாம் தேதியே உபோஸ் ஆடுகளத்தில் பந்தயம் தொடங்கியிருந்தது. பார்வையிட வந்த நகராட்சி அதிகாரி, வளையத்தில் ஒன்றுக்கு நாலு முத்திரையைப் பார்த்து, இப்படி ஒழுங்காக விதிமுறையைக் கடைப்பிடிக்கும் ஊரைத் தான் கண்டதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். உபோஸ்காரர்கள் இலாயாக்காரர்களுக்கு நாற்காலி கொடுத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். மூன்றாவதையும் கேட்காமலேயே தாராளமாகக் கொடுத்தார்கள்.

முதல் நாள் கடைசி ஆட்டத்தை மேசியோ கடை வாசலில் உட்கார்ந்து பார்த்தார். காசியாங் பக்கத்து டயர் மேல் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாக இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"ஏன் கும்பாரே காட்டிக்குடுக்கலை?" என்றார் மேசியோ கடைசியில்.

"எங்க ஊர்லயே உங்களை ஜெயிச்சு ஜெயிச்சுச் சலிச்சுப்போச்சு. ஒரு தடவை இங்க வந்து ஜெயிக்கலாம்னுதான்."

"கண்ணைத் திறந்து வச்சிருந்தியே."

"எப்பவுமே அப்படித்தான். சின்ன வயசுலேர்ந்து. நின்னுட்டுக் கண்ணை மூடினா எனக்குத் தலை சுத்தும்." கடலைத் தோலை ஊதினார். "தலையைக் குனிஞ்சுட்டா யாருக்கும் தெரியறதில்லை."

மேசியோ மெல்லத் திரும்பினார்.

"எப்பவுமேன்னா?"

காசியாங் இன்னொரு கடலையை உரித்தார். ஆடுகளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குமா?"

"பலகைல படலை," என்றார் காசியாங். "இரும்புல படலை. வலை மட்டும் ஒரு ஆட்டம் ஆடுச்சு. மணி அடிக்கறதுக்கு முன்னாடியே பந்து உன் கையை விட்டுடுச்சு. என் விரலுக்கு மேல ஒரு சாண் உயரத்துல போச்சு. அதுக்கப்புறம் அப்படி ஒரு கூடையை நான் பாக்கலை."

அடிக்கலாமா, கட்டிப்பிடிக்கலாமா என்று மேசியோவுக்கே தெரியவில்லை. இருபத்து மூன்று வருடமாக ஒரு சாட்சி வாரத்துக்கு மூன்று முறை இதே டயர் மேல் உட்கார்ந்திருக்கிறது.

"படுபாவி, ஏண்டா சொல்லலை?"

"சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்கல்ல? உன்னை ஆமென்னு கூப்பிட்டாங்க. என்னை என்னன்னு கூப்பிட்டிருப்பாங்க? தவிர, பன்றி வேற போயிருக்கும்."

"ஊர்ல சொல்லு. இப்பவாவது சொல்லுடா."

"என்னைக் கேட்டா, கண்ணை மூடியிருந்தேன்னுதான் சொல்வேன். வாக்குமூலமே குடுத்திருக்கேன்." பாதிக் கடலையை மேசியோவின் உள்ளங்கையில் கொட்டினார். "உனக்குத் தெரிஞ்சா போதாதா?"

போதுமா என்று மேசியோ யோசித்துப் பார்த்தார். இருபத்து மூன்று வருடம் முள்ளாக உறுத்தியது எங்கே என்று தேடினார். அந்த இடம் லேசாக இருந்தது. போதும்போலத்தான் இருந்தது.

ஆடுகளத்தில் உபோஸ் ஒரு புள்ளி பின்னால் இருந்தது. ஆட்டம் முடிய ஒன்றிரண்டு விநாடி. உபோஸின் ஒல்லி ஆள் ஒருவன் எங்கிருந்தோ எம்பி, புது வளையத்தைப் பார்த்துப் பந்தை எறிந்தான். பந்து மேலே போய்க்கொண்டிருந்தது. கோயிலில் ஆறு மணி அடித்தது.

ஊரே தலையைக் குனிந்தது. மேசியோவும் காசியாங்கும் எழுந்து நின்று, மிகுந்த பணிவோடு தலையைக் குனிந்து, புருவத்துக்குக் கீழாகப் பந்தையே பார்த்தார்கள்.

உள்ளே போனது.

"ஆமென், கும்பாரே," என்றார் காசியாங்.